புதுப்பிப்பு: சிக்னலில் நின்றால் ஏசி சூடாகிறது – காரணம் கிடைத்துவிட்டது

ஓடும்போது ஜில்லென்றிருக்கும் கார் ஏசி, சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பாகிறது, கேஸ் நிரப்பியும் பலனில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். குறை கேஸில் இல்லை, கண்டென்சர் ஃபேனில். கண்டென்சர் என்பது ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி, அதன் மேல் காற்றைச் செலுத்துவது இந்த ஃபேன்.

நேற்று வேறொரு மெக்கானிக் அண்ணன் கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தார். வண்டி நின்றபடியே ஓட, ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கம்) முள் 330 பிஎஸ்ஐ என்ற அதிக அழுத்தம் வரை ஏறியது. ஒரு மக் தண்ணீரைக் கண்டென்சர் மேல் ஊற்றினார். முள் சரசரவென இறங்கியது, உள்ளே குளிர்காற்று வந்துவிட்டது! ஓடும்போது எதிர்காற்றே சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நின்றால் அந்த வேலை ஃபேனுடையது.

ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) இரண்டும் சரி. ஃபேன் சாக்கெட்டில் 12 வோல்ட்டும் வருகிறது, ஆனால் சுற்றவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டியதும் சுற்றத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் அடியோடு தேய்ந்திருந்தது.

இன்ஜின் சூடு ஏறுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஏறவில்லை, என் வண்டியில் ரேடியேட்டருக்குத் தனி ஃபேன். அதனால்தான் இத்தனை நாள் பிடிபடவில்லை.

மோட்டார் மாற்றியாயிற்று. கூடுதலாக ஏற்றியிருந்த கேஸையும் எடுத்துவிட்டு, பானெட் ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி நிரப்பினோம். இன்று உச்சிவெயிலில் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றேன். குளிர் குறையவே இல்லை.