21 மி.மீ.யா, 15 மி.மீ.யா: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு அகலக் கோண லென்ஸ் தேடிய அனுபவம்

லைக்கா எம் 240 என்ற டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சன்னல் வழியாகப் பார்த்து, இரண்டு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்வது) என் கைக்கு வந்த நாள் முதல் 28 மி.மீ. லென்ஸ் ஒன்றோடுதான் பழகி வந்தேன். மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும். அந்தக் கேமராவின் வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் கோடுகளும் 28 மி.மீ.யோடு நின்றுவிடுகின்றன. அதைவிட அகலமாகப் போகும் ஆசை வந்தபோது, லென்ஸை மாற்றினால் பார்க்கும் முறையும் சேர்ந்து மாறிவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நண்பரிடம் பழைய 15 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனேன். ஃபிலிம் காலத்தில் செய்யப்பட்ட, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் லென்ஸ் அது. ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைப்புக் கிடையாது; தூரத்தை உத்தேசமாகத்தான் வைக்க வேண்டும். அதை நான் குறையாக நினைக்கவில்லை. 15 மி.மீ.யில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 8 என்ற சிறிய அளவில் வைத்து, ஃபோகஸ் வளையத்தை 1 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ அரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை எல்லாம் தெளிவாகவே விழும். கேமராவின் தலையில் செருகிய தனி வியூஃபைண்டரில் முற்றமும் வளைவுகளும் ஒருசேர அடங்கியதைக் கண்டு, இந்த லென்ஸையே வாங்கிவிடுவது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் கணினியில் திறந்து பார்த்தபோது இடது ஓரத்துத் தூண் ரோஜா நிறத்திலும் வலது ஓரத்துத் தூண் வெளிறிய பச்சையிலும் நின்றன. சாந்துப் பூச்சின் உண்மையான நிறம் நடுவில் மட்டுமே எஞ்சியிருந்தது. லைக்கா எம்9 என்ற டிஜிட்டல் கேமரா வெளியான 2009-ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் புகைப்படக்காரர்கள் இதற்கு ‘இத்தாலியக் கொடி’ (இடமிருந்து வலமாகப் பச்சை, வெள்ளை, சிவப்பு) என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். என் படத்தில் கொடி இடவலம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

காரணம் எளிமையானது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் காட்சியைப் பிரதிபலிக்கும் கண்ணாடிக்கான பெட்டி இல்லாததால், பழைய அகலக் கோண லென்ஸ்களின் பின்கண்ணாடியை ஃபிலிமுக்கு மிக அருகில் கொண்டுவந்து வைக்க முடிந்தது. கோடுகள் வளையாமல் விழுந்ததும், லென்ஸ் அத்தனை சிறியதாக இருந்ததும் அதனால்தான். ஓரத்தில் ஒளி எவ்வளவு சாய்வாக வந்து விழுந்தாலும் ஃபிலிம் ஏற்றுக்கொள்ளும். டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமின் இடத்தில் இருக்கும் சென்சாரின் மேல் மூடு கண்ணாடி ஒன்றும், அதன் கீழே நுண்லென்ஸ்களும் வண்ண வடிகட்டிகளும் இருப்பதால், சாய்ந்து வரும் ஒளி தனக்குரிய புள்ளியில் விழாமல் பக்கத்துப் புள்ளியில் கசிந்து, ஓரங்கள் இருண்டு நிறமும் மாறிவிடுகிறது.

இது தெரிந்த பிறகு கூர்மையைப் பற்றிய விமரிசனங்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு லென்ஸும் ஒளியை எந்தச் சாய்வில் அனுப்புகிறது என்பதையே முதலில் விசாரித்தேன். ஃபோக்ட்லாண்டர் 15 மி.மீ. எஃப் 4.5 ஹீலியார் என்ற லென்ஸ் 1999-இல் முதன்முதலில் வந்தது. 2015-இல் வந்த அதன் மூன்றாம் வடிவம் டிஜிட்டல் சென்சாரை மனத்தில் வைத்துப் புதிதாக வடிவமைக்கப்பட்டது. அது முன்னவற்றைவிடப் பருமனானது, 58 மி.மீ. ஃபில்டர் கேட்பது. அதை வாடகைக்கு எடுத்து அதே மகாலில், அதே தூண்களை, அதே எஃப் 8-இல் எடுத்தேன். இரண்டு ஓரங்களும் சாந்தின் நிறத்திலேயே வந்தன.

ஆனால் வேறொரு சங்கடம் முளைத்தது. 15 மி.மீ.யின் மூலைவிட்டக் கோணம் 110 பாகை. கேமராவை இம்மியளவு மேலே சாய்த்தாலும் தூண்கள் உள்நோக்கிச் சரிந்தன. ஓரத்தில் நின்ற காவலாளியின் தலை சுரைக்காயைப் போல நீண்டுவிட்டது. அவரிடம் படத்தைக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு நாளில் எடுத்தவற்றை வரிசையாகப் பார்த்தபோது, பிடித்தமான படங்களில் பெரும்பாலானவற்றை ஓரம் வெட்டி ஏறத்தாழ 21 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கியிருந்தேன். எனக்கு வேண்டிய அகலம் எது என்பதை என் கையே சொல்லிவிட்டது. எனவே 2011-இல் வந்த லைக்கா சூப்பர் எல்மார் 21 மி.மீ. எஃப் 3.4 லென்ஸைப் பழையதாக வாங்கினேன். விலை வயிற்றைக் கலக்கியது உண்மைதான். ரேஞ்ச்ஃபைண்டரிலேயே ஃபோகஸ் செய்ய முடிவதும், மவுண்ட்டில், அதாவது லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையத்தில், உள்ள ஆறு கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைக் கேமரா படித்து ஓரங்களைத் தானே திருத்திக்கொள்வதும், அவசரமாக நடந்துகொண்டே படம் எடுக்கும் எனக்குப் பொருந்துகின்றன.

*

21 மி.மீ. லென்ஸைத் தேர்ந்தெடுத்தது பற்றி மேலே ஐயா எழுதியதைப் படித்தேன். என் அனுபவம் நேர் எதிரானது. பழைய வீடுகளின் உட்புறங்களைப் படம் எடுப்பது என் தொழில். முதுகு சுவரில் முட்டிய பிறகு பின்வாங்க இடமிருக்காது. அங்கே 21 மி.மீ.யைக் கொண்டுபோனால் அறையின் இரண்டு சுவர்களோடு நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே அதே மூன்றாம் வடிவ 15 மி.மீ.யை வாங்கி நான்கு ஆண்டுகளாகிறது. தனி வியூஃபைண்டரை நான் வாங்கவில்லை. முக்காலியில் கேமராவை நிறுத்தி, காட்சியைப் பின்திரையில் காட்டும் லைவ் வியூவில் கிடைமட்டக் கோடு நேராகும் வரை பொறுத்திருந்தால் சரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆள் நிற்கும் படமானால் அவரை நடுவுக்கு அழைத்துவிடுவேன்.

பழைய லென்ஸை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். படம் எடுத்த அதே அப்பர்ச்சரில், பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றை லென்ஸின் முகத்தோடு ஒட்டிப் பிடித்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டால், லைட்ரூம் மென்பொருளில் உள்ள ஃபிளாட் ஃபீல்ட் திருத்தம் அதை வைத்து ஓர நிறத்தைப் பெருமளவு நீக்கிவிடும். அப்பர்ச்சரை மாற்றினால் தகட்டுப் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். இதை மறந்து ஒரு நாள் முழுவதும் எடுத்த படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அதையே பெரிதாக்கி மாட்டிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.