2 லட்சம் கோடி டாலர் பிழைக்குப் பிறகும் எஸ் அண்ட் பி-யை நம்பலாமா?

கடன்பத்திரம்:
2011 ஆகஸ்ட் 5, வெள்ளிக்கிழமை. அமெரிக்க அரசின் கடன் தரத்தை, தரமதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி, உச்சத் தரமான 'ஏஏஏ'விலிருந்து ஒரு படி கீழே 'ஏஏ பிளஸ்'ஸாகக் குறைத்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு வரைவைப் பார்த்த நிதித்துறை, 10 ஆண்டுப் பற்றாக்குறையில் 2 லட்சம் கோடி டாலர் கூடுதலாக விழுந்திருப்பதைக் காட்டியது. கணக்கைத் திருத்தினார்கள், முடிவைத் தொடவில்லை. பொருளாதாரக் காரணம் பின்னால் போய், அரசியல் காரணம் முன்னால் வந்தது. தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சி தேடியிருக்கிறார்கள்.

நிகரமதிப்பு:
பிழை எங்கே என்று பாருங்கள் சார். அரசு வாங்கக்கூடிய கடனின் சட்ட எல்லையான கடன் உச்சவரம்பை உயர்த்திய புதிய சட்டம் மிச்சப்படுத்தும் 2.1 லட்சம் கோடி டாலரை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகத்தின் அடிப்படைக் கணக்கில் கழித்திருக்க வேண்டும். அதில் காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவு பணவீக்க அளவுக்கு, சுமார் 2.5% வளரும். இவர்கள் கழித்தது, அதே செலவு சுமார் 5% வளரும் மாற்றுக் கணக்கில். திருத்தியபின் 2021-க்கான நிகரக் கடன் ஜிடிபியில் 93%-லிருந்து 85% ஆனது. அப்போதும் ஏறுமுகம்தானே?

கடன்பத்திரம்:
எட்டுப் புள்ளி சில்லறையா? வீட்டுக்கடன்களைக் கட்டாகச் சேர்த்து விற்ற பத்திரங்களுக்கு 'ஏஏஏ' வாரிக் கொடுத்த வழக்கை 2015-இல் 137.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டதும் இதே நிறுவனம்தான். சந்தையும் மதிக்கவில்லை. திங்களன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டௌ 634 புள்ளி சரிந்தது. பயந்தவர்கள் ஓடிப்போய் வாங்கியது தரம் குறைந்த அதே அரசுப் பத்திரத்தை! 10 ஆண்டுப் பத்திர வட்டி இறங்கியது.

நிகரமதிப்பு:
வீட்டுக்கடன் பத்திரத்தில் கட்டணம் கொடுத்தவரே பத்திரம் வெளியிட்டவர், அதனால் வளைந்தார்கள். இங்கே யாருக்காக வளைய வேண்டும்? மற்ற இரண்டு பெரிய தரமதிப்பீட்டு நிறுவனங்களான ஃபிட்ச் 2023 ஆகஸ்டில், மூடிஸ் 2025 மே மாதம், இரண்டும் அதே படிக்குத்தான் இறங்கின.

ஓரக்குறிப்பு:
ஊடகத்தில் இது எப்படி ஓடியது என்பதை விட்டுவிட்டீர்களே. குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அது 'ஒபாமா தரக்குறைப்பு', ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு, குடியரசுக் கட்சியின் தீவிர வரி எதிர்ப்பு அணியின் பெயரால் 'டீ பார்ட்டி தரக்குறைப்பு'. அறிக்கையில் இரண்டு தரப்புக்கும் அடி உண்டு. வருவாயைக் கூட்டக் குடியரசுக் கட்சியினர் மறுப்பதால் 2001, 2003 வரிக்குறைப்புகள் தொடரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் போன்ற செலவுகளை, புதிய சட்டத்துக்காக இரு கட்சிகளும் செய்த ஒப்பந்தம் பெரிதாகத் தொடவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவரவர் பாதியை வெட்டி எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

கடன்பத்திரம்:
கத்தரிக்கோலைக் கையில் கொடுத்ததே எஸ் அண்ட் பி-தான். கணக்கு நிறுவனத்துக்கு அரசியல் எதற்கு?

நிகரமதிப்பு:
கட்ட முடியுமா என்பதோடு கட்டுவார்களா என்பதையும் பார்ப்பதுதான் அரசுத் தரமதிப்பீடு. கடன் உச்சவரம்பை உயர்த்த நிதித்துறை சொன்ன கெடு ஆகஸ்ட் 2. சட்டம் கையெழுத்தானதும் ஆகஸ்ட் 2.