5600எக்ஸ் புராசசரை ஓவர்கிளாக் செய்யலாமா, சும்மா விட்டுவிடலாமா?

திருச்சிவாசி:
என்னிடம் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் புராசசர், பி550 மதர்போர்டு, புராசசருடன் பெட்டியிலேயே வந்த சிறிய கூலர். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்வதுதான், அதாவது காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவதுதான், முக்கிய வேலை. அறையில் ஏசி கிடையாது. ஓவர்கிளாக் செய்தால், அதாவது தொழிற்சாலை வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டினால், நேரம் மிச்சமாகுமா? எங்கிருந்து தொடங்குவது? புராசசர் போய்விட்டால் இன்னொன்று வாங்கும் நிலையில் நான் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பழைய_செலரான்:
தாராளமாகச் செய்யுங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய், எல்லாக் கோர்களுக்கும் (புராசசருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகுகள்) மல்டிப்ளையரை, அதாவது அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கும் எண்ணை, 43 என்று வையுங்கள். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 4.3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். வோல்டேஜை 1.25இல் நிறுத்துங்கள். சினிபெஞ்ச் என்ற சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள். தாங்கினால் 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றிக்கொண்டே போகலாம். கணினி எழுந்திருக்க மறுத்தால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டுங்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. 1998இல் இன்டெலின் செலரான் 300ஏ புராசசர் வைத்திருந்தவர்கள் இதைவிடத் துணிச்சலான வேலைகளைச் செய்தார்கள்.

வெப்பமானி:
இன்னொன்று வாங்க முடியாது என்று ஒருவர் சொல்கிறார், நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை என்கிறீர்கள்.

300ஏ கதையை முழுதாகச் சொல்லுங்கள். அதன் மல்டிப்ளையர் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. அடிப்படைக் கடிகாரமான பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் 300 என்பது 450 ஆனது. பாதி வேகம் இலவசம்! சில்லின் தாங்குதிறன் பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட மிக அதிகமாக இருந்ததால்தான் அது நடந்தது. இன்று அந்த மிச்சத்தைத் தயாரிப்பாளரே கறந்துவிட்டுத்தான் விற்கிறார். 5600எக்ஸ் ஒற்றைக் கோர் வேலையில் தானாகவே 4.6 வரை போகும். அதை 4.3இல் கட்டிப்போட்டால், ஒரு கோரை மட்டும் நம்பியிருக்கும் வேலைகள் எல்லாம் முன்பைவிட மெதுவாகும்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். செலவாகும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் கூடுகிறது, வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில். 4.2இலிருந்து 4.5க்குப் போவது 7 சதவீத ஏற்றம். அதற்காக வோல்டேஜை 1.2இலிருந்து 1.35 ஆக்கினால் மின்சாரம் ஏறக்குறைய 35 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பம். அதை இழுத்து வெளியேற்ற வேண்டியது அந்தக் கையகலக் கூலர், அதுவும் ஏசி இல்லாத திருச்சி அறையில், சித்திரை மாதத்தில்!

பழைய_செலரான்:
அவர் கேட்டது ரெண்டர் பற்றி. அங்கே ஆறு கோரும் சேர்ந்து உழைக்கின்றன, ஒற்றைக் கோரின் 4.6 அவருக்கு எதற்கு? தொழிற்சாலை அமைப்பில் இந்தப் புராசசர் 76 வாட் எல்லையைத் தொட்டதும் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்கிறது. அந்த எல்லையைத் தளர்த்துவதில் பொருள் இருக்கிறது. கூலரைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் சரி.

நள்ளிரவு_ரெண்டர்:
இருவருமே வோல்டேஜை ஏற்றுவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். இறக்கினால் என்ன? பயாஸில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் (தானியங்கி வேக எல்லைகளை மாற்றும் ஏஎம்டி வசதி) பகுதியில் கர்வ் ஆப்டிமைசர் இருக்கிறது. எல்லாக் கோருக்கும் கழித்தல் 10 என்று வைத்தால், ஒவ்வொரு வேகத்துக்கும் புராசசர் கேட்கும் வோல்டேஜ் சற்றே குறையும். அதே 76 வாட்டுக்குள் கூடுதல் வேகம் வரும். தானியங்கி பூஸ்ட்டும், அதாவது புராசசர் தானே வேகத்தை ஏற்றிக்கொள்வதும், கைவிட்டுப் போகாது.

ஒன்றில் மட்டும் கவனம். சினிபெஞ்ச் தாங்கியது என்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள். இந்த முறையில் கோளாறு கடும் சுமையில் வருவதைவிட, சுமையே இல்லாதபோது வருவதுதான் அதிகம். ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும் நொடியில் வோல்டேஜ் போதாமல் போய்விடும். ரெண்டர் இரவு முழுக்க ஒழுங்காக ஓடி முடியும். காலையில் உலாவியைத் திறந்தால் நீலத்திரைகூட இல்லாமல் கணினி அணைந்து எழும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ-லாகர், எண் 18 என்ற பிழை இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கோர் தடுமாறியது என்பதற்கான துப்பு அதிலேயே கிடைக்கும். அந்தக் கோருக்கு மட்டும் கழித்தல் 5 ஆக்கினால் போதும். கோர்சைக்ளர் என்ற இலவச நிரல் கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும், இரவில் ஓடவிடுங்கள்.

வெப்பமானி:
இது ஓரளவு ஏற்கத்தக்கது. ஆனால் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவும் ஏஎம்டியின் கணக்கில் ஓவர்கிளாக்தான், உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது. இன்னொன்று: 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் பட்ட பாடு நினைவிருக்கிறதா? கூடுதல் வோல்டேஜால் சில்லுகள் தேய்ந்தன. மைக்ரோகோடு (புராசசரின் உள் நிரல்) திருத்தம் வந்தது, ஆனால் ஏற்கெனவே தேய்ந்தவற்றை அது மீட்கவில்லை. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்ட வேண்டியதாயிற்று.

பழைய_செலரான்:
அந்த உதாரணம் எனக்குத்தான் சாதகம், ஐயா. அங்கே கெடுத்தது யார்? பயனர் கை வைக்காத தானியங்கி வோல்டேஜ்! நான் எண்ணை நானே எழுதுகிறேன், 1.3ஐத் தாண்டுவதில்லை. இதில் யார் எச்சரிக்கையானவர்?

வெப்பமானி:
நீங்கள் எழுதும் எண்ணும் சில்லுக்குப் போய்ச் சேரும் எண்ணும் ஒன்றல்ல. சுமை ஏறும்போது வோல்டேஜ் சரியும். அதை ஈடுகட்டும் லோடு லைன் அமைப்பை உச்சத்தில் வைத்துவிட்டால், சுமை சட்டென விலகும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும். அந்தத் துள்ளல் மென்பொருள் காட்டும் எண்ணில் தெரியாது. புதியவரிடம் இதைச் சொல்லாமல் 43 என்று வை என்றால் எப்படி?

திருச்சிவாசி:
வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலைப் போட்டுப் பார்த்தேன். எதையும் மாற்றாமலேயே பிற்பகல் ரெண்டரில் 89 டிகிரி காட்டுகிறது.

வெப்பமானி:
எல்லை 95. உங்களுக்கு ஓவர்கிளாக் செய்ய இடமே இல்லை. டவர் கூலர் (உயரமான பெரிய கூலர்) வாங்குங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

பழைய_செலரான்:
கூலர் வரட்டும். வந்தபின் மல்டிப்ளையரை 44 வைத்துப் பாருங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

திருச்சிவாசி:
கூலரை ஆர்டர் செய்துவிட்டேன். முதலில் கர்வ் ஆப்டிமைசர், கழித்தல் 10. பழைய கூலரைக் கழற்றும்போது கவனிக்க ஏதாவது உண்டா?

நள்ளிரவு_ரெண்டர்:
உண்டு. கணினியைப் பத்து நிமிடம் ரெண்டரில் ஓட்டி, புராசசருக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் வெப்பப் பேஸ்ட் இளகியபின் அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்குங்கள். திருகுகளைக் கழற்றியதும் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள், இடமும் வலமுமாகத் திருப்பித் தளர்த்துங்கள். புராசசர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டில் நெம்புகோல் பூட்டியிருந்தாலும் காய்ந்த பேஸ்ட் புராசசரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். ஊசிகள் அதன் அடியில்தான் இருக்கின்றன.