தங்கச்சிமடத்தில் எழுதிக் கொடுக்கும் தொழில்: காசு எப்படிக் கேட்பது?

கேள்வி: தங்கச்சிமடத்துக்காரி

வணக்கம். மதுரையில் ஒரு அச்சகத்தில் ஒன்பது வருடம் மெய்ப்புப் பார்த்தேன். அம்மாவுக்கு முடியாமல் போகவே, போன வருடம் ஊருக்கு வந்துவிட்டேன். வந்த வாரமே பக்கத்து வீட்டு அத்தை ஒரு மனுவை நீட்டினார். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அவர்கள் கணக்கில் ஏறவில்லை. யாரோ எழுதிக் கொடுத்த மூன்று பக்கம். வறுமை இருந்தது, கண்ணீர் இருந்தது, வங்கிக் கணக்கு எண் மட்டும் இல்லை. அரைப் பக்கத்தில் வேறு எழுதிக் கொடுத்தேன், பணம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வாசலில் செருப்பு குறையவில்லை. மனு, ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை) விண்ணப்பம், மகளிர் குழுவின் திட்ட அறிக்கை, ராமேஸ்வரத்தில் அறை வாடகைக்கு விடுபவரின் விளம்பர வரிகள், பிள்ளைகளின் பயோடேட்டா. எல்லாமே இலவசம்தான். எப்போதாவது மீன் வரும், ஒருநாள் நண்டு வந்தது.

போன மாதம் ஒருவருக்கு வங்கிக் கடனுக்காக 14 பக்கம் எழுதினேன். "கடன் கிடைத்ததும் தருகிறேன்" என்றார். கடன் கிடைத்தது, வீட்டுக்குப் புது ஐஸ் பெட்டியும் வந்தது. என் காசுதான் வரவில்லை. இப்போது என்னைக் கண்டால் வேர்க்காடு சர்ச் பக்கமாகச் சுற்றிப் போகிறார்.

இதையே தொழிலாகச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பக்கத்துக்கு 50 ரூபாய் வைக்கலாமா? பதிவு, வரி என்று ஏதாவது உண்டா? சொந்தக்காரர்களிடம் எந்த முகத்தோடு காசு கேட்பது?

பதில்: ராம்நாடு ஜெராக்ஸ்

உத்யம், அதாவது சிறுதொழில் பதிவு, செய்துகொள்ளுங்கள். அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் போதும், ஒரு பைசா செலவில்லை. கட்டணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். ஜி.எஸ்.டி.யைப் பற்றி இப்போது கவலை வேண்டாம், சேவைத் தொழிலுக்கு வருடம் 20 லட்சம் தாண்டினால்தான். அந்த நாள் வந்தால் எங்களுக்கும் மீன் வாங்கித் தாருங்கள்.

இன்னொன்று, யூனிகோடில் அடியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து பென் டிரைவில் கொண்டுவருகிறார்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

பதில்: மண்டபம் கேம்ப் அக்கா

தங்கச்சி, ஆறு வருடமாக இதே பிழைப்புதான் எனக்கு. அதனால் உரிமையோடு நீ, வா, போ என்றே எழுதுகிறேன்.

பக்கக் கணக்கு மட்டும் வைக்காதே. உன் கெட்டிக்காரத்தனமே மூன்று பக்கத்தை அரைப் பக்கமாக்குவதில் இருக்கிறது. பக்கத்துக்கு 50 என்றால் அத்தை மனுவுக்கு உனக்கு 25 ரூபாய், அதைக் கெடுத்து எழுதியவருக்கு 150. வேலைக்கு இவ்வளவு என்று வை. நான் மனுவுக்கு 150 வாங்குகிறேன், திட்ட அறிக்கைக்கு 3,000. பாதி கைக்கு வந்த பிறகுதான் கணினியைத் திறப்பேன். "கடன் கிடைத்தால் தருகிறேன்" என்பவரிடம், வல்லம் (நாட்டுப்படகு) கட்டும் ஆசாரி மீன் பட்ட பிறகுதான் கூலி வாங்குகிறாரா என்று கேள்.

நமக்கு நேரம் போவது எழுதுவதில் இல்லை, விசாரிப்பதில். ஒரு மகளிர் குழு கருவாட்டுத் தொழிலுக்கு அறிக்கை கேட்டு வந்தது. "நல்ல லாபம் வரும்னு போடுங்கக்கா" என்றார்கள். ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டுக்குப் பச்சை மீன் எத்தனை கிலோ? ஐப்பசி மழையில் எங்கே காயப்போடுவீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு போகாது, அப்போது மீனுக்கு எங்கே போவீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பாட்டி, "நாட்டுப்படகு மீன் வரும், ஆனா விலை கூடும்" என்றார். அந்த விலையைப் போட்டுக் கணக்கை மறுபடி எழுதினோம், லாபம் பாதியாகக் குறைந்தது. வங்கி மேலாளர் முதலில் கேட்டதும் அதே கேள்விதானாம்.

பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம் வரை உண்டு என்று கேள்விப்பட்டதும், நாலு லட்ச ரூபாய் வேலைக்கு 50 என்றே போடச் சொல்லி வருவார்கள். போடாதே. நாளைக்கு மாட்டினால் "எழுதியவர் சொன்னார்" என்று உன்னைத்தான் காட்டுவார்கள்.

ஆர்.டி.ஐ. எழுதும்போது "ஏன் தரவில்லை" என்று கேட்காதே. காரணம் கேட்டால் ஒரு வரியில் தட்டிவிடுவார்கள். "இந்தத் தேதியில் கொடுத்த என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்" என்று ஆவணமாகக் கேள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டு, 30 நாளை நாள்காட்டியில் குறித்துவை. பத்திரம் எழுத உரிமம் வேண்டும், வக்கீல் நோட்டீஸ் வக்கீல் வேலை. இரண்டையும் தொடாதே.

விசைப்படகு போகிறது திங்கள், புதன், சனி. கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டமும் திங்கள்தான். அதனால் மனுவோடு பஸ் ஏறுவது பெரும்பாலும் பெண்கள். ஞாயிறு சாயங்காலம் உன் வாசல் நிறையும், அன்றைக்கு வேறு வேலை ஒத்துக்கொள்ளாதே.

சொந்தக்காரர் விஷயம்: ரேட்டை எழுதிச் சுவரில் ஒட்டிவிடு. வாயால் கேட்பதுதானே கஷ்டம்.

பதில்: கீழக்கரை வாத்தியார்

மேலே அக்கா சொல்லாதது ஒன்று. பி.எச்.டி. ஆய்வேட்டை முழுக்க எழுதித் தரச் சொல்லி வருவார்கள், நல்ல காசும் பேசுவார்கள். அது ஏமாற்று வேலை, வேண்டாம் அம்மா. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல் அடுத்தவர் எழுத்தோடு ஒத்திருந்தாலே நடவடிக்கை உண்டு, 60 தாண்டினால் பதிவே ரத்து. பிழை திருத்துங்கள், வாதம் எங்கே அறுந்து நிற்கிறது என்று ஓரத்தில் குறித்துக் கொடுங்கள். திருப்பி எழுதுவது அவர் பாடு.

மறுபதில்: தங்கச்சிமடத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. உத்யம் முடிந்தது. ரேட்டையும் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டேன். மனு 150.

இன்று காலை அத்தைதான் முதல் ஆள். அட்டையை ஒவ்வொரு வரியாகப் படித்தார். உள்ளே போய் இரண்டு பாறை மீனை அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்து, "இது எத்தனை மனுவுக்கு வரும்?" என்றார்.

அக்கா, இதற்கு உங்களிடம் ரேட் இருக்கிறதா?