சென்ட்ஓஎஸ் 6 கண்டெய்னர் புதிய கெர்னலில் தொடங்கிய கணமே நின்றுவிடுவது ஏன்?

கேள்வி:
சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ் பதிப்பின் காலத்தில் உருவான எங்கள் அலுவலகக் கணக்கு நிரலின் மூல நிரல் தொலைந்துவிட்டதால், அதே சென்ட்ஓஎஸ் 6 அடங்கிய டாக்கர் கண்டெய்னரில் (நிரலை அதற்குத் தேவையான கோப்புகளோடு தனித்து இயக்கும் உறை) அதைப் பல ஆண்டுகளாக இயக்கி வருகிறோம். சர்வரைப் புதிய டெபியன் லினக்ஸுக்கு மாற்றியதிலிருந்து, கண்டெய்னர் 139 என்ற எண்ணைத் தந்துவிட்டு உடனே முடிந்துவிடுகிறது. கட்டளைகளை ஏற்கும் பேஷ்கூடத் திறக்கவில்லை. உள்ளே ஒரு கோப்பும் மாறவில்லை. பழைய நிரல்களின் இயக்கத்தை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் கெடுக்கக் கூடாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பாக வலியுறுத்தி வரும்போது, இது எப்படி நேர்கிறது?

மறுமொழி 1:
கண்டெய்னருக்கெனத் தனிக் கெர்னல் கிடையாது. உள்ளே இருப்பது, நிரல்கள் கெர்னலை அணுக உதவும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் பழைய 2.12 பதிப்பு, அது பேசுவதோ உங்கள் புதிய டெபியனின் கெர்னலுடன். 139 என்பது, சிக்னலால் நின்றதைக் குறிக்கும் 128உம் அந்தச் சிக்னலின் எண்ணான 11உம் சேர்ந்தது. அதாவது, நிரல் தனக்கு அனுமதியில்லாத நினைவக இடத்தைத் தொட்டு, செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்திருக்கிறது. அக்கால ஜிலிப்சி, நேரத்தைக் கேட்பது போன்ற சில பணிகளுக்கு, விசிஸ்கால் என்னும் நினைவகப் பக்கத்துக்குள் நேராகத் தாவும். அந்தப் பக்கம் எல்லா நிரல்களிலும் ஒரே முகவரியில் இருந்தது தாக்குவோருக்கு வசதியாகிப் போனதால், இடம் மாறிக்கொண்டே இருக்கும் விடிஎஸ்ஓ என்னும் நினைவகப் பகுதி அதன் வேலையை ஏற்றது. பழைய பக்கத்தை வைத்திருப்பதா, நீக்குவதா என்பது கெர்னலைக் கட்டமைப்பவரின் விருப்பம். டெபியன் 2017இல் வந்த 9ஆம் பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டது. ஆகவே வாக்குத் தவறியது கெர்னல் அன்று என்பது என் கருத்து. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்கில் விசிஸ்கால் என்ற சொல் தென்படுகிறதா என்று பாருங்கள்; தென்பட்டால், கெர்னலைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் விசிஸ்கால்=எமுலேட் என்று சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

மறுமொழி 2:
காரணம் சரியே, தீர்வில் மட்டும் ஒரு திருத்தம். கெர்னல் 5.3 முதல், எமுலேட் இருக்கும் இடத்தில் கொடுக்க எக்ஸ்ஓன்லி என்ற மதிப்பும் உண்டு. அதில் பழைய அழைப்புகள் நடக்கும், ஆனால் அந்தப் பக்கத்தை எவரும் படிக்க இயலாது. எமுலேட்டைவிட அதுவே மேல். எனினும் எதைத் தேர்ந்தாலும் அது ஒரு கண்டெய்னருக்கு மட்டுமன்றி, சர்வர் முழுவதற்கும் பொருந்தும் என்பதை மறவாதீர்கள். சென்ட்ஓஎஸ் 6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 நவம்பரோடு நின்றுவிட்டன என்பதால், அதன் சொந்தக் கெர்னலுடன், வெளி வலையமைப்பு இல்லாத மெய்நிகர் கணினியில் இந்த நிரலைப் பிரித்து வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இதையொத்த இன்னொரு நிகழ்வும் உண்டு. 2011இல் கெர்னல் 2.6.39க்குப் பின் 3.0 வந்தபோது, பதிப்பு எண் 2.6 என்றே தொடங்கும் என நம்பி எழுதப்பட்ட நிரல்கள் நின்றுபோயின. தவறு அந்நிரல்களுடையதே ஆயினும், அவற்றுக்கு மட்டும் 2.6.40 என்ற வரிசையில் எண் சொல்லும் ஏற்பாட்டைக் கெர்னல் 3.1இல் சேர்த்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டிமெஸ்கில் அந்த வரி இருந்தது. எக்ஸ்ஓன்லி மதிப்புடன் மறுதொடக்கம் செய்ததும் நிரல் இயங்குகிறது. மாத இறுதிக் கணக்கு முடிந்தவுடன் மெய்நிகர் கணினிக்கு மாற்றிவிட்டு, அந்த மதிப்பை நீக்கிவிடுகிறேன்.