‘ஃபெயின்ட் சோர்ஸ்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கடலூர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அறிவியல் மன்றப் பிள்ளைகள் சிறுகோள் தேடும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார்கள். ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்கள் வருகின்றன. ஒரே வானத்துண்டை இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்கள். அவற்றை மாற்றி மாற்றிக் காட்டினால் நகருகிற புள்ளி கண்ணில் படும். இதற்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பின்னணி, இரைச்சல் (படத்தில் தற்செயலாக ஏறி இறங்கும் வெளிச்சம்), படப்புள்ளி (பிக்சல்) இவையெல்லாம் புழக்கத்தில் இருப்பதால் சிக்கல் இல்லை. ‘ஃபெயின்ட் சோர்ஸ்’, அதாவது படத்தில் மிக மெல்லிய ஒளியாய்த் தெரியும் புள்ளி, வரும் இடத்தில்தான் நிற்கிறேன்.

‘மங்கலான மூலம்’ என்று போட்டுப் பார்த்தேன். ஒரு மாணவி, “மூல நட்சத்திரமா மிஸ்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. விருச்சிகத்தின் வால் பக்கம் மூலம் என்று ஒன்று இருக்கும்போது, வானியல் கையேட்டிலேயே அந்தச் சொல்லை வேறு பொருளில் எப்படிப் போடுவது? போதாததற்கு நோயின் பெயரும் அதுதான். வகுப்பில் சிரிப்பு வந்துவிட்டால் பாடம் போச்சு. உதவுங்கள்.

நெல்லிக்குப்பம் தம்பி எழுதியது:

டீச்சர், ‘மங்கொளி’ சரியாக வருமா? சின்னச் சொல், வாயிலும் நிற்கும்.

புதுச்சேரிப் புலவர் ஐயா எழுதியது:

தம்பி, மங்கொளி வினைத்தொகை. மங்கிய ஒளி, மங்குகின்ற ஒளி, மங்கும் ஒளி என்று மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. ஒளி குறைந்துகொண்டே போவதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் பார்க்கிறவர்களுக்கு எடுத்துக்காட்டு கையிலேயே இருக்கிறது. 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை விண்மீன் மங்கியது, உலகமே பேசியது. அது மங்கொளி. ஆனால் அப்போதும் வெறுங்கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. நீங்கள் தேடுவதோ என்றைக்குமே குறைந்த ஒளியாய் நமக்கு வந்து சேரும் ஒன்று. அதற்குப் பண்புத்தொகைதான் பொருந்தும்: ‘நுண்ணொளி’. அல்லது, நாள்மீன், கோள்மீன் என்று முன்னோர் வகுத்த வழியிலே ‘சிறுமீன்’ என்றே சொல்லலாம்.

கடலூர் முதுநகர் அன்பர் எழுதியது:

ஐயா, வினைத்தொகை விளக்கத்தை முழுக்க ஏற்கிறேன். சிறுமீன் மட்டும் வேண்டாம். துறைமுகத்தில் தினமும் கூடையில் பார்ப்பது அது. இன்னொன்று, அந்தப் புள்ளிகளில் பாதி விண்மீனே இல்லை, தொலைதூர விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்) என்கிறார்கள். விண்மீன் அல்லாததை மீன் என்பது எப்படி?

நெல்லிக்குப்பம் தம்பி எழுதியது:

மங்கொளியை விட்டுவிடுகிறேன் ஐயா. ஆனால் நுண்ணொளியிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. நான் படப் பகுப்பாய்வில் வேலை செய்கிறவன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மென்பொருள் என்ன செய்கிறது? படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பின்னணி வெளிச்சம் எவ்வளவு என்று மதிப்பிட்டுக் கழிக்கிறது. மிச்சம் இருப்பதில் இரைச்சலின் திட்ட விலக்கத்தைக் கணக்கிடுகிறது. பத்தாம் வகுப்பில் படிக்கிறார்களே, அதேதான். அந்த விலக்கத்தைப் போல இத்தனை மடங்கு என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டிய படப்புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அந்தக் கூட்டத்துக்கு ஓர் எண் கொடுத்துப் பட்டியலில் சேர்க்கிறது. 1996இல் வெளிவந்து இன்றும் புழங்கும் சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டர் என்ற மென்பொருளின் வேலை இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 4000க்கு 4000 படப்புள்ளி கொண்ட படத்தில் மொத்தம் 1.6 கோடி புள்ளிகள். வானத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல்தான், அதுவும் இயல்நிலைப் பரவலில் (சராசரியைச் சுற்றிக் கூடி, விலக விலக அரிதாகும் பரவல்) அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 3 மடங்கு என்றால், தற்செயலாகவே ஏறக்குறைய 21,600 புள்ளிகள் அதைத் தாண்டிவிடும். 5 மடங்கு என்றால் ஐந்துக்கும் குறைவு. அப்படியானால் வரம்பை உயர்த்திவிடலாமே என்று தோன்றும். உயர்த்தினால் நிஜமாகவே இருக்கிற மெல்லிய பொருள்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். எத்தனை விழுகின்றன என்று அறிய, செயற்கையான விண்மீன்களைப் படத்தில் ஆங்காங்கே பதித்து, மென்பொருள் அவற்றில் எத்தனையைத் திரும்பப் பிடிக்கிறது என்று எண்ணுவார்கள்.

இரைச்சல் மட்டுமல்ல. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கேமராவின் உணரியில் மோதினால் ஒன்றிரண்டு படப்புள்ளிகள் பளிச்சென்று வெளுத்து, ஓரம் பிளேடால் வெட்டியது போல நிற்கும். உண்மையான விண்மீன் அப்படி வராது. நம் காற்று மண்டலம் கலைத்துவிடுவதால் பல புள்ளிகளில் பரவி, நடுவில் கூடி ஓரத்தில் தேயும். பிள்ளைகள் திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பிரிக்கக் கற்க வேண்டியது இந்த ஓரத்தைத்தான்.

ஆகவே பட்டியலில் முதலில் ஏறுவது பொருளும் அல்ல, ஒளிமூலமும் அல்ல. ஏதோ தென்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதை ‘தென்படல்’ என்போம். சோதித்து உறுதியான பிறகு விண்மீன், விண்மீன் மண்டலம், சிறுகோள் என்று அதற்குரிய பெயரைக் கொடுப்போம். சொல்லே முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் சந்தேகப்படக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

புதுச்சேரிப் புலவர் ஐயா எழுதியது:

தென்படல் நல்ல சொல். முதலில் அதன் வேரைப் பார்ப்போம். ‘தெள்’ என்ற அடியிலிருந்து தெளிவு வருகிறது. அதன் கிளையே ‘தென்’ என்பது என் கருத்து. தெளிவுபடுதல் தென்படுதலாயிற்று.

இதில் நம்மூர்ச் செய்தி ஒன்றும் இருக்கிறது. லெ ஜென்டீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கவே கடல் கடந்து வந்தார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். எட்டாண்டு காத்திருந்து, 1769 ஜூனில் இங்கே கருவியோடு தயாராக நின்றபோது மேகம் மூடிவிட்டது. வெள்ளி கடந்துதான் போனது, தென்படவில்லை! தம்பி சொல்லும் வேறுபாடு இதுதானே. அவர் இங்கிருந்த காலத்தில் தமிழர் கிரகண கணிதத்தையும் கற்றார். 1825இலும் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழி பரப்பியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றி நூல் எழுதிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணக்குமுறைச் சொற்களை யாராவது தொகுத்தால் நமக்கு நூறு கலைச்சொல் மிச்சம்.

ஆனால் ஒரு தடை. தென்படல் தொழிற்பெயர், செயலைக் குறிக்கும். எண்ணிப் பட்டியலிடும் ஒன்றுக்கு ‘தென்படல்கள்’ என்று எழுதினால் செவிக்குப் பொருந்தவில்லை.

கடலூர் முதுநகர் அன்பர் எழுதியது:

பாடல்கள், தேடல்கள் எல்லாம் பொருந்துகின்றனவே ஐயா. வேரைப் பற்றி: எனக்கென்னவோ தென் என்பது தெற்குதான். நம் ஊரிலிருந்து பார்த்தால் அகத்திய மீன் (கனோபஸ் விண்மீன்) தென்வானில் 25 பாகை வரை ஏறும். பாரிசில் அது எழுவதே இல்லை. தெற்கே தோன்றும் அந்த மீனைப் பார்த்தே இச்சொல் வந்திருக்கலாம்.

புதுச்சேரிப் புலவர் ஐயா எழுதியது:

அதற்கு இலக்கியச் சான்று காட்டுங்கள், பேசலாம்.

கடலூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, தம்பி, எல்லாருக்கும் நன்றி. அச்சகத்தில் இன்று மாலை கேட்டுவிட்டார்கள். நேற்று வகுப்பில் ‘தென்படல்’ என்று எழுதிப் போட்டேன். விளக்கம் கேட்காமலேயே புரிந்துகொண்டார்கள். “இது நிஜமா, சும்மா தென்படலா?” என்று அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். எனவே கையேட்டில் ‘மங்கலான தென்படல்’ என்று போகிறது. மங்கலான என்பது பெயரெச்சமாக நிற்பதால் வினைத்தொகைச் சிக்கலும் வராது என்று நம்புகிறேன்.

கேட்டலாகுக்கு ‘அட்டவணை’யா ‘பட்டியல்’ஆ என்று தனிமடலில் கேட்டிருந்தார்கள். பட்டியல் என்றே போடுகிறேன். 1844இல் சென்னை வானாய்வகம் 11,015 விண்மீன்களுக்கு வெளியிட்டதையும் பட்டியல் என்றுதான் முன்னுரையில் எழுதியிருக்கிறேன்.

புதுச்சேரிப் புலவர் ஐயா எழுதியது:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம். ஆனால் என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும். ‘மங்கலான’ என்பதிலும் மங்குதல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒளி மாறும் விண்மீன்களுக்குக் கையேடு எழுதும் நாளில் ‘மங்கும் தென்படல்’ வேறு, ‘மங்கலான தென்படல்’ வேறு என்று பிள்ளைகளுக்கு யார் விளக்குவது? ‘நுண்ணொளித் தென்படல்’ என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

நெல்லிக்குப்பம் தம்பி எழுதியது:

அடைப்புக்குறிக்கு நானும் சரி, ஐயா. டீச்சர், மெய்ப்பு வந்ததும் 3 மடங்கு, 5 மடங்கு வரும் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். எண்களை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.