மறுமொழி: ‘கீழ்நிறுத்த அளவீடு’ வேண்டாம், ‘இடுக்களவை’ எப்படி?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். படப்பிடிப்புச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலுக்காகக் கோவை ஐயா கேட்டதற்கு இது மறுமொழி.

> ஸ்டொப் டவுன் மீற்றரிங் என்பதற்குக் ‘கீழ்நிறுத்த அளவீடு’ என்று வைக்கலாமா?

கோவை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அங்கே கீழே எதுவும் போவதுமில்லை, நிற்பதுமில்லை. கமராவில் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல் தேடுவோம்.

என்னிடம் சித்தப்பாவின் பென்ராக்ஸ் ஸ்பொட்மற்றிக் இருக்கிறது. 1964இல் வெளிவந்த வகை. வில்லைக்கு (லென்ஸுக்கு) அருகே ஒரு சிறு பொத்தான். அதை மேலே தள்ளினால் வில்லைக்குள் ஒளி புகும் துளை நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும், பார்க்கும் கண்ணாடி இருண்டுபோகும், ஓரத்தில் ஒளியளவு காட்டும் முள் அசையும். அந்த இருட்டுக்குள் முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நல்லூர் வெளிவீதியில் பொழுதுபட்ட நேரத்தில் இதைச் செய்து பாருங்கள், பொறுமை என்றால் என்னவென்று தெரியும். அதற்கு முந்தைய ஆண்டே வந்த டொப்கோன் கமரா ஒன்றில் இந்தத் தொல்லை இல்லை. அளக்கும்போது துளை முழுதாகத் திறந்தே இருக்கும். நாம் வைத்த துளை எண்ணைத் தெரிந்துகொண்டு கமரா கணக்குப் பார்க்கும்.

இன்றைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமராக்களும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கின்றன, வில்லை மின்தொடுகையால் கமராவோடு பேசினால். சித்தப்பாவின் 50 மி.மீ. ராக்குமார் வில்லைக்கு மின்தொடுகையே கிடையாது. இணைப்பு வளையம் போட்டு மாட்டினால், துளை எண் வரவேண்டிய இடத்தில் என் கமரா பூச்சியம் காட்டுகிறது. பிறகென்ன, சுருங்கிய துளையால் வரும் ஒளியைத்தான் அதுவும் அளந்தாக வேண்டும்.

வெயிலில் நாம் கண்ணை இடுக்கிப் பார்ப்பதும் இதுதானே? ஆகவே ‘இடுக்களவை’. முழுதாகத் திறந்து அளப்பது ‘விரியளவை’. முதலில் ‘ஒடுக்களவை’ என்றுதான் எழுதினேன். எங்கள் ஊரில் ‘ஒடுக்கு’ என்ற சொல்லுக்கு வேறு சுமை இருப்பதால் அழித்துவிட்டேன். ‘அளவை’ நில அளவைத் திணைக்களத்தால் எல்லோருக்கும் பழகிய சொல்.

> இரண்டுக்கும் ‘ஒளியளவீடு’ என்ற ஒரே சொல் போதாதா?

போதாது. போன கிழமை, வேலியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் காயப்போட்டு, காலை ஒன்பது மணி வெயிலில் ராக்குமாரின் துளையை மட்டும் மாற்றி மாற்றிப் படம் எடுத்தேன். திரை திறந்து மூடும் வேகத்தைக் கமராவிடமே விட்டேன். (எண் பெரிதானால் துளை சிறிது.) 2.8இல் வேட்டியின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. 5.6இல் கரை மட்டும் மிஞ்ச, மடிப்பெல்லாம் வெளுத்துப்போயின. 1.4இல் படம் சற்று இருட்டு. வெயில் மாறவில்லை, வேட்டியும் மாறவில்லை. இடுக்கி அளந்ததால் வந்த கோணல் இது.

ஒளியை அளக்கும் அளவி இருப்பது மேலே, பட்டகத்துக்கு (பிறிசத்துக்கு) பக்கத்தில். நாம் பார்க்கும் படம் விழுகிற குவியத் திரையை அது சாய்வாகப் பார்க்கிறது. இக்காலத் திரைகள் 2.8ஐ விட ஒளி குறைந்த வில்லைகளுக்காகத் தீட்டப்பட்டவை. அவற்றில் ஒளி சிதறும் விதம் துளைக்குத் துளை மாறும். கமராவுக்குக் கமராவும் மாறுவதால் என் எண்களை நீங்கள் நம்பவேண்டாம், உங்கள் வேட்டியைக் காயப்போடுங்கள். கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கமராக்களில், பிலிமின் இடத்தில் ஒளியை வாங்கும் உணரியே அளவியாகவும் இருப்பதால் இந்தக் கோணல் வருவதில்லை.

இனி, ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்பதற்கான ‘வேக வில்லை’. எனக்கு ஒப்பவில்லை. வில்லை எங்கே ஓடுகிறது? 1.4 என்பது 2.8ஐப் போல நான்கு மடங்கு ஒளியை விடுகிறது, அவ்வளவுதான். வாயகன்ற பானையை நாம் வேகப்பானை என்பதில்லை. ‘அகல்வாய் வில்லை’ என்போம். ஊசித்துளைக் கமரா என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டதால் துளைக்குப் புதுச்சொல் தேடவேண்டியதில்லை.

‘எக்ஸ்போஷர்’, அதாவது படத்துக்குக் கிடைக்கும் ஒளியளவு, என்பதற்கு ‘வெளிப்பாடு’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. கவிதைக்கும் கோபத்துக்கும் பயன்படும் சொல்லை இங்கேயும் இழுப்பானேன்? கருப்பநீர் காய்ச்சுகிறவர் பதம் பார்த்துத்தான் பனங்கட்டிக்கு இறக்குகிறார். கொஞ்சம் பிந்தினால் கருகும். ‘ஒளிப்பதம்’ என்றால் கூடினது, குறைந்தது, தப்பினது என்று எல்லாம் சொல்லலாம். ‘பதம்’ சொல்லையும் குறிக்கும் என்று வவுனியாத் தம்பி தடை எழுப்பியிருந்தார். ‘ஒளி’ முன்னால் நிற்கும்போது யாரும் மயங்கமாட்டார்கள்.

ஒன்றுக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. 1.4 துளையின் ஓரத்தால் வரும் கதிர்கள் உணரியில் மிகச் சாய்வாக விழுவதால், அதன் நுண்குழிகள் அவற்றை முழுதாக வாங்குவதில்லை. பிலிமுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பேசும் வில்லையாக இருந்தால், சில கமராக்கள் அந்தக் குறையை நிரப்ப உணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) நமக்குச் சொல்லாமலே கூட்டிக்கொள்கின்றன. 2010இல் இது பெரிய வாதமாகவே நடந்தது. பேசாத ராக்குமாருக்கு அந்தச் சலுகை இல்லை. 1.4இல் என் வேட்டி இருண்டதில் இதற்கும் பங்கு இருக்கும். இந்தச் சொல்லாத கூட்டலுக்கு என் மகள் ‘கள்ளக்கூட்டல்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். பட்டியலில் ஏற்றலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.